கடல்ல ஊசியாம்... நல்லாருக்குய்யா உங்க பாதுகாப்பு!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சூடா இருக்கேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க பெரியப்பா வீடு. தறி கூடத்துலயே இருக்கு. பட்டும் ஜரிகையும் விக்கிற விலைக்கு பயந்து கேமரா மாட்டி மூணு மாசம் ஆச்சு. போன வாரம் பாத்தா, டப்பாவோட வந்த பாஸ்வேர்டே இன்னும் மாறல. மாட்டின தம்பியைக் கேட்டேன்.

"அண்ணே, இது ஐபி வெர்ஷன் 6. கடல்ல ஊசி. எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது!"

நம்மாளுங்க பல பேரும் இதையேதான் சொல்லிட்டுத் திரியறாங்க. அதான் இந்தப் பதிவு.

கணக்கு என்னவோ சரிதான். பழைய வெர்ஷன் 4-ல மொத்த முகவரியே சுமார் 430 கோடி. 2013-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க எழுதின இசட்மேப், பொதுவுல இருக்குற அத்தனையையும் 45 நிமிஷத்துக்குள்ள தட்டிப் பாத்துடும். வெர்ஷன் 6-ல ஒரு வீட்டு நெட்வொர்க்குக்கே 1,84,467 கோடி கோடி முகவரி. அதே வேகத்துல தட்டினா மூணரை லட்சம் வருஷத்துக்கு மேல ஆகும்.

ஆனா எவன்யா கதவு கதவா தட்டப் போறான்? எந்த வீட்டுல தறி ஓடுதுன்னு தெரிய, தெருவுல நின்னு காது குடுத்தா போதாதா? :-)

கேமராவும் சத்தம் போடும். மணி என்னன்னு வெளிய இருக்குற நேர சர்வரைக் கேக்கும். கேட்டவுடனே முகவரி அங்க தெரிஞ்சுடும். 2016 ஜனவரியில, ஷோடான் தேடுபொறி பொது நேர சர்வர்களுக்குள்ள தன் சர்வரை நுழைச்சு, மணி கேட்டு வந்த முகவரிகளைத் திருப்பி ஸ்கேன் பண்ணது அம்பலமாச்சு.

இன்னொண்ணு. பல கருவிங்க தன்னோட 48 பிட் மேக் நம்பரை வச்சே முகவரியோட பின்பாதியை அமைச்சுக்கும். அதுல முதல் 24 பிட் கம்பெனியோடது. நெட்வொர்க்கும் கம்பெனியும் தெரிஞ்சா, மிச்சம் தேட வேண்டியது சுமார் 1.68 கோடிதான். இசட்மேப் வேகத்துல பன்னெண்டு செகண்டு! லட்சம் வருஷம் எங்கய்யா போச்சு?

முகவரி பெருசா இருக்கறது பூட்டு இல்லீங்க. வெளியிலேர்ந்து வர்றதை ரவுட்டர்ல தடுக்கணும், பாஸ்வேர்டை மாத்தணும். அவ்வளவுதான் வேலை.

அன்னிக்கே மாத்திட்டேன். பெரியம்மா மெதுவா கேட்டாங்க: "அப்போ இத்தன நாளா நான் கூடத்துல படுத்துத் தூங்கினதை யாராவது பாத்திருப்பாங்களாப்பா?"

கடல்ல ஊசின்னு சொன்ன தம்பி வந்து பதில் சொல்லட்டும். எனக்கு வாய் வரல.