மண்சுவருக்கு நாம் முகம் கொடுக்கவில்லை

பெரு நாட்டுக்குப் போகிற நம்மில் பெரும்பாலோர் லிமாவில் இறங்கிய கையோடு குஸ்கோவுக்கு விமானம் ஏறிவிடுகிறோம். மாச்சு பிச்சுவின் கற்சுவர்களைக் கண்டதோடு அந்த நாட்டின் பழமை முழுவதையும் கண்டுவிட்ட நிறைவு நமக்கு. வடக்கே, த்ருஹியோ நகரத்தை ஒட்டிய கடலோரப் பாலைவனத்தில் சான் சான் கிடக்கிறது. இன்காக்கள் பேரரசாவதற்கு முன்பே சிமு அரசர்கள் எழுப்பிய தலைநகரம். ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். எல்லாம் மண். அதனால்தான் அதைத் தாண்டிப் போனோம். கல்லைக் கண்டால் கைகூப்புகிறோம். மண் கரைந்து நின்றால் மேடு என்கிறோம். இந்தப் பார்வைக் கோளாறை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மற்ற பிழைகளெல்லாம் இதிலிருந்தே தொடங்கின.

அந்த மண்ணில் என்ன இருந்தது என்று கேட்டோமா? ஒன்பது பெரிய அரண்மனை வளாகங்கள். ஒவ்வொன்றையும் சூழ்ந்து, சில இடங்களில் 9 மீட்டர் வரை உயர்ந்த சுவர். உள்ளே முற்றங்கள், வரிசை வரிசையாகச் சேமிப்பறைகள், மூன்று பக்கம் மட்டும் சுவர் வைத்த அலுவல் அறைகள், அரசனைப் புதைக்க ஒரு மேடை. ஓர் அரசன் இறந்தால் அவன் வளாகம் அவன் நினைவுக்கே விடப்படும், அடுத்தவன் தனக்கென்று புதிதாகக் கட்டிக்கொள்வான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. சுவர்களில் மீன்கள், கடற்பறவைகள், வலைக்கண்கள் போன்ற சதுரங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மீன்கள் இரு திசைகளில் நீந்துவது குளிர்ந்த நீரோட்டத்தையும் எல் நினோவின் சூடான நீரோட்டத்தையும் குறிக்கிறது என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள்.

மழை அரிதினும் அரிதான ஊர் அது. மலையிலிருந்து வரும் ஆற்றைக் கால்வாயில் பிடித்துத்தான் வயலுக்குக் கொண்டுவந்தார்கள். அது போதாமல், பக்கத்துச் சிகாமா பள்ளத்தாக்கிலிருந்தும் நீரைத் திருப்ப நெடுந்தொலைவுக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். நிலத்தடி நீரை எட்டும் வரை தோண்டிய பள்ளங்களில் கோரை வளர்த்தார்கள். பக்கத்து உவான்சாக்கோவின் மீனவர்கள் இன்றும் அதே வகைக் கோரையில் படகு கட்டிக் கடலுக்குப் போகிறார்கள். கடற்கரையில் அந்தப் படகுகளைப் படம் எடுக்கிறோம். அந்தப் பழைய நீர்ப்பள்ளங்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

1470 வாக்கில் இன்காக்கள் நகரத்தை வென்று, அதன் கைதேர்ந்த பொற்கொல்லர்களைக் குஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கல்லறைகளைச் சுரங்கம்போல் தோண்டி, கிடைத்த பொன்னில் ஐந்தில் ஒரு பங்கை அரசருக்குக் கட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்வது நமக்கு எளிது. ஆனால் அவர்கள் தேடியது பொன்னை. அவர்கள் போன பின்னும் சுவர்கள் நின்றன. அந்தச் சுவர்கள் நம் காலத்திலும் கரைகின்றன. த்ருஹியோவிலிருந்து உவான்சாக்கோவுக்குப் போகும் சாலை இந்த நகரத்தின் ஊடாகவே ஓடுகிறது. தொல்லிடத்துக்குள் பயிர் வைத்தார்கள், குப்பை கொட்டினார்கள். சுற்றிலும் பாசனம் பெருக நிலத்தடி நீர் ஏறியது. அதோடு உப்பும் ஏறிச் சுவரின் அடியைத் தின்றது. கடலோரக் காற்றும் உப்பைக் கொண்டுவருகிறது.

1986இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டு ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தது. நாம் முதல் செய்தியில் மகிழ்ந்தோம், இரண்டாவதைப் படிக்கவில்லை. முப்பது ஆண்டுகளைக் கடந்தும் அந்த இரண்டாம் பட்டியலிலிருந்து சான் சான் வெளியே வரவில்லை.

மண்வீட்டில் வாழ்ந்த யாருக்கும் இது புதிதல்ல: மழைக்கு முன் சுவரின் தலையை மூட வேண்டும், அடியில் நீர் தேங்கவிடக் கூடாது, ஆண்டுதோறும் பூச வேண்டும். 1997இல் பெருமழை கொண்டுவரும் எல் நினோ வருகிறதென்று முன்கூட்டியே தெரிந்தபோது, சான் சானில் புடைப்புச் சிற்பங்களுக்கு மறைப்புப் போட்டார்கள், நீர் வடிய வழி செய்தார்கள். அதற்குப் பலனும் இருந்தது. ஆகவே அழிவு விதியல்ல. ஆனால் இந்த வேலை ஓயாது. ஓயாத வேலைக்குக் கூலியும் ஆளும் திட்டமும் வேண்டும். திறப்பு விழா இல்லாத வேலைக்குப் பணம் ஒதுக்குமாறு எந்த அரசையும் நாம் நெருக்கியதில்லை. பராமரிப்பைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரைகளையே விரும்பிப் படித்தோம். 2017 மார்ச்சில் மறுபடி பெருமழை கொட்டி த்ருஹியோ தெருக்களில் சேறும் நீரும் ஓடியபோதுதான் அந்தச் சுவர்களைப் பற்றிக் கவலைப்பட்டோம். அதுவும் சில நாட்களுக்கு.

போகிறவர்களாவது ஒழுங்காகப் பார்க்கிறோமா? ஒன்பது வளாகங்களில் நம் கால் படுவது பெரும்பாலும் நிக் ஆன் என்ற ஒன்றில்தான். அங்கே காணும் புடைப்புகளில் சில புதிதாக வார்த்தவை. எது பழையது என்று கேட்பவர்கள் குறைவு. கயிற்றுக்கு அப்பால் கை நீட்டிச் சுவரைத் தொடுகிறோம். ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு, மதிய மீன் உணவுக்கு உவான்சாக்கோ கிளம்புகிறோம். அந்த நுழைவுச்சீட்டிலேயே தொல்பொருள் காட்சியகத்தையும், எஸ்மெரால்டா, அர்கோ இரிஸ் என்ற இரு கோயில் மேடைகளையும் பார்க்கலாம். இருந்தும், பெரும்பாலோர் அங்கே போகாமலே ஊர் திரும்புகிறோம்.