யார் செலவில் பிஎச்.டி.?

வீட்டில் முதுகலை முடித்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும், மலேசியாவின் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் ஒரு பேச்சு தானாகக் கிளம்பிவிடுகிறது: “பிஎச்.டி.யை வெளிநாட்டுல செஞ்சாத்தான் மதிப்பு.” சொல்கிறவர் பட்டணத்திலிருந்து வரும் மாமா. செலவழிக்கப் போகிறவர் அப்பா. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளைகளின் மேற்படிப்புக்குப் பணம் எடுக்கலாம் என்பதும் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்ந்த அந்தத் தொகை, பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர் கட்டும் ஓராண்டுக் கட்டணத்துக்கே பல வீடுகளில் காணாது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறோம். போகலாம். சொந்தக் காசில் போகக் கூடாது.

பிஎச்.டி. பாதி படிப்பு, பாதி வேலை. அமெரிக்காவின் நல்ல துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்தவோ ஆய்வுக்கூடத்தில் உழைக்கவோ வைத்து, மாதப்படி கொடுக்கின்றன. ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஆனால் இளங்கலை முடித்த கையோடு சேரலாம். இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவே தெரியாது. ஜெர்மனியில் ஆய்வு மாணவர் பலர் பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். பிரிட்டனில் மூன்று நான்கு ஆண்டில் முடித்துவிடலாம். அங்கே அரசு ஆய்வு மன்றங்களின் உதவித்தொகை 2021 முதல் வெளிநாட்டவருக்கும் உண்டு, ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் 30 விழுக்காடு வரைதான். இடம் தருகிறோம், பணம் இல்லை என்று வரும் கடிதத்தை மறுப்புக் கடிதமாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

போனால் என்ன கிடைக்கும்? இங்கே கண்ணில் படாத கருவிகள், நள்ளிரவிலும் திறந்திருக்கும் நூலகம், எழுதியதை முகத்துக்கு நேரே கிழித்துப் போடும் சக மாணவர்கள். இன்னொன்றும் உண்டு. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதாருக்கான பத்து விழுக்காட்டுக்குள் முண்டியடித்து, கிடைக்காமல் ஆறாம் படிவம் போய் எஸ்.டி.பி.எம். எழுதி மேலே வந்த ஒருவருக்கு, இந்தக் கணக்கு எதுவும் இல்லாத இடத்தில் மூச்சு விடுவதே பெரிய விஷயம். இதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

பொறியியலோ உயிரியலோ செய்கிறவர்களுக்கு இவ்வளவு போதும். தோட்டங்களைப் பற்றியே ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ரவீந்திர கே. ஜெயின் என்ற இந்திய மானிடவியலாளர் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக 1960களின் தொடக்கத்தில் மலாயா ரப்பர் தோட்டம் ஒன்றில் வந்து தங்கினார். அதற்கு ‘பால் மெலாயு’ என்று ஒரு புனைபெயரும் வைத்தார். ஆய்வு 1970இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலாக வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டம் வாங்கப் புறப்படும் முன்பே தோட்டம் மற்றவர்களுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டது. ஜெயினைக் குறை சொல்லவில்லை. அவர் வந்து எழுதியதால்தான் அந்த வாழ்க்கை ஏட்டில் இருக்கிறது.

மாறான வழியில் போனவர் பி. ராமசாமி. இந்தியானாவிலும் கனடாவின் மெக்கில்லிலும் படித்தவர், முனைவர் பட்டத்துக்கு மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், மூலதனம், அரசு பற்றிய அவருடைய நூலை 1994இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. உள்ளூர்ப் பட்டம் செல்லாது என்ற மாமாவிடம் இதைச் சொல்லலாம். அரசியலுக்கு வந்தபின் அவர் பேசியதையெல்லாம் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அந்த நூல் தனியே நிற்கிறது.

பிரிட்டிஷ் காலனித்துவ அலுவலகத்தின் பழைய கோப்புகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, உண்மை. அவற்றைச் சில மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பெரட்டுக்களத்தையும் மண்டோர் போட்ட சத்தத்தையும் நினைவில் வைத்திருக்கும் பாட்டி இங்கே தாமான் வீட்டில் இருக்கிறார். கோப்பு இன்னும் ஐம்பது வருடம் அங்கேயே இருக்கும்.

திரும்பி வருவதைப் பற்றி மாமா பேசுவதேயில்லை. மைபிரெய்ன்15 என்ற மேற்படிப்பு உதவித் திட்டத்தில் 2023க்குள் 60,000 பிஎச்.டி.க்காரர்கள் என்று அரசு இலக்கு வைத்தது. பட்டத்தோடு வந்தவர்களில் பலர் இன்று ஒப்பந்த விரிவுரையாளர்கள். அரசு உபகாரச் சம்பளத்தில் போகிறவர்கள் பத்திரத்தை வரி விடாமல் படிக்கட்டும்: திரும்பாவிட்டால் கடன் ஜாமீன் போட்டவர் தலையில் விழும். ஜாமீன் போடுகிறவர் பெரும்பாலும் சித்தப்பாவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரோதான்.

நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு, நீங்கள் கேட்க விரும்பும் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் உதவித்தொகைகள் பலவற்றுக்கு விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும். தீபாவளி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒரு வருடம் போய்விடும்.