பெட்டி வராத ஊருக்கு வந்த வயதெல்லை

இருபது வருடங்களுக்கு முன்னர் குண்டசாலையிலோ திகனையிலோ ராஜவெல்லையிலோ வளர்ந்த பையன்களிடம் ‘ஜீ.டீ.ஏ வைஸ் சிட்டி’ என்ற வீடியோ கேம் எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். கண்டி டவுனில் வாங்கிய கொப்பி சீடி. மெல்லிய பிளாஸ்டிக் உறை, தட்டின் மேல் மார்க்கர் பேனையால் கிறுக்கிய பெயர், அவ்வளவுதான். 2002இல் அதே விளையாட்டு பிரித்தானியக் கடைகளுக்குப் போனபோது பெட்டியின் முகப்பில் 18 என்ற முத்திரை இருந்தது. அமெரிக்கப் பெட்டியில் பதினேழு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று பொருள்படும் ‘எம்’ எழுத்து இருந்தது. கண்டிக்குச் சீடி மட்டும் வந்தது, பெட்டி வரவில்லை. பெட்டியோடு வயதெல்லையும் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது.

திரைப்படத்துக்கும் மேடை நாடகத்துக்கும் இலங்கையில் பொது அரங்காற்றுகைச் சபை உண்டு. அதற்கு அடிப்படையான கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டுக்குரியது. ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற வாசகத்தைத் தியேட்டர் வாசலில் பார்த்துப் பழகிய தலைமுறைகள் இங்கு வாழ்கின்றன. ஆனால் வீடியோ கேமை வயது பார்த்துத் தரம் பிரிப்பதற்கென்று ஒரு சபை இன்றுவரை கிடையாது. மலைநாட்டுப் பிள்ளை விளையாடும் விளையாட்டுக்கு வயது குறிப்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவான முறைகள்தான். அந்நிய முறை என்பதற்காக அதைத் தள்ளிவிடத் தேவையில்லை. அந்த இலக்கம் பிள்ளையை நோக்கி எழுதப்பட்டதல்ல, பிள்ளையின் பெரியவரை நோக்கி எழுதப்பட்டது. இங்கே அதை வாசிக்க வேண்டிய பெரியவர் அதைப் பார்ப்பதே இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

முத்திரை பிறந்த கதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1992இல் ‘மோர்ட்டல் கொம்பட்’ என்ற சண்டை விளையாட்டு வந்தது. தோற்றவனின் இதயத்தைப் பிடுங்கி எடுக்கும் காட்சி அதில் உண்டு. மறுவருடம் வீட்டுக் கருவிகளுக்கு அது வந்தபோது நின்டெண்டோ நிறுவனம் இரத்தத்தை நீக்கி, சாம்பல் நிற வியர்வையாக மாற்றச் சொன்னது. போட்டி நிறுவனமான சேகா தானே ஒரு தரப்படுத்தலை ஏற்படுத்தி, பதின்மூன்று வயது முத்திரை ஒட்டி, ஓர் இரகசிய விசை வரிசையை அழுத்தினால் இரத்தம் வரும்படி வெளியிட்டது. அதிகம் விற்றது சேகாவின் பதிப்புத்தான். அடுத்த வருடம் இரண்டாம் பாகம் வந்தபோது நின்டெண்டோவும் இரத்தத்தை அனுமதித்தது. இதற்கிடையே 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் சபையில் ஜோ லீபர்மன், ஹேர்ப் கோல் ஆகியோர் முன்னின்று விசாரணை நடத்தினார்கள். அரசாங்கம் கைவைக்கும் முன் தாமே முந்திக்கொள்ள வேண்டும் என்று 1994இல் தொழிற்றுறையினர் ஈ.எஸ்.ஆர்.பி என்ற தரப்படுத்தல் சபையை நிறுவினர். ஐரோப்பாவின் ‘பெகி’ முறை 2003இல் வந்தது.

முத்திரை வந்ததும் இரத்தம் குறைந்துவிடவில்லை. ‘இது பெரியவர்களுக்கு’ என்று எழுதிவிட்டால் பெரியவர்களுக்கான விளையாட்டைத் தயக்கமின்றிச் செய்யலாம் என்ற வழி திறந்தது. அவுஸ்திரேலியாவின் அனுபவம் இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. 2013 ஜனவரி வரை அங்கு வீடியோ கேமுக்கு 18 என்ற வகுப்பே இல்லை, உச்சம் 15. சில விளையாட்டுகள் முற்றாக மறுக்கப்பட்டன. வேறு சில 15க்குள் அடக்கப்பட்டன. பிரித்தானியாவில் 18 முத்திரை பெற்ற ‘ஜீ.டீ.ஏ 4’ அவுஸ்திரேலியக் கடையில் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சட்டப்படி கிடைத்தது. வளர்ந்தோருக்கென்று ஒரு வகுப்பை ஏற்க மறுத்ததால் பாதிக்கப்பட்டவர்கள் சிறுவர்கள்தான்.

முத்திரை பயன்பட்ட இடமும் உண்டு. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு பதின்மூன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளைத் தனியாகக் கடைகளுக்கு அனுப்பி, ‘எம்’ முத்திரை விளையாட்டைக் கேட்டு வாங்கச் சொல்லிச் சோதித்தது. 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு 85 பிள்ளைகளுக்கு அது விற்கப்பட்டது. 2011இல் வெளியான சோதனை முடிவில் அந்த விகிதம் 13 ஆகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும் கடைக்காரரைத் தண்டிக்கும் மத்திய சட்டம் எதுவும் அங்கு இல்லை. கலிபோர்னியா மாநிலம் கொண்டுவந்த அத்தகைய சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் 2011 ஜூனில் செல்லாது என்றது. கடைக்காரர் முத்திரையைப் பார்த்தார், பிள்ளையின் முகத்தையும் பார்த்தார், ‘அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்றார். இடையில் ஒரு மனிதர் நின்றதால் முத்திரைக்கு வேலை இருந்தது.

மனிதர் நிற்காத இடத்தில் அதே முத்திரை வேறுவிதமாக வேலை செய்கிறது. நெதர்லாந்தில் ஏழு முதல் பதினேழு வயது வரையான 310 பேரிடம் நடத்தி, 2009இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வு இதை அளந்தது. ஒரே விளையாட்டின் விவரிப்புக்கு வெவ்வேறு வயது முத்திரைகளை ஒட்டிக் காட்டினார்கள். தன் வயதுக்கு மேற்பட்டது என்ற முத்திரையைக் கண்ட பிள்ளைக்கு விருப்பம் கூடியது. ஏழு, எட்டு வயதுச் சிறுமியரிடமும் அப்படித்தான். வகுப்பறையில் ‘நான் எய்ட்டீன் பிளஸ் கேம் விளையாடுறேன்’ என்று சொல்வதில் இருக்கும் பெருமையைக் கேட்ட ஆசிரியர் எவருக்கும் இது வியப்பாக இராது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிலைமை முற்றாக மாறியது. கணினி வாங்க வசதியில்லாத வீட்டிலும் ஒரு ஸ்மார்ட் ஃபோன் வந்தது. படிப்பு வட்ஸ்அப்பிலும் சூமிலும் நடந்தது. சில இடங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குன்றேறினார்கள். பாடம் முடிந்த பின்னும் ஃபோன் பிள்ளையின் கையிலேயே இருந்தது, ‘ஃப்ரீ ஃபயர்’, ‘பப்ஜி’ இரண்டும் அதில் ஏறின. சீடிக் காலத்தைப் போலன்றி இம்முறை வயதெல்லையும் கூடவே வந்தது. கூகுளின் பிளே ஸ்டோர் 2015இலிருந்து ஐ.ஏ.ஆர்.சி என்ற சர்வதேச முறையைக் கையாள்கிறது. விளையாட்டைச் செய்தவர் ஒரு வினாக்கொத்தை நிரப்புகிறார்: இரத்தம் உண்டா, சூது உண்டா, அந்நியரோடு பேச முடியுமா? அந்தப் பதில்களை வைத்து ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் உரிய முத்திரை தானாகவே விழுகிறது. சொந்தச் சபை இல்லாத நாடுகளுக்கு 3, 7, 12, 16, 18 என்ற பொது வரிசை.

அந்தத் திரையை ஒருமுறை நிதானித்துப் பார்க்க வேண்டும். மேலே விளையாட்டின் பெயர், பக்கத்தில் வண்ணப்படம். கீழே சிறிய எழுத்தில் நட்சத்திரங்கள், எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்ற கணக்கு, அவற்றோடு ஒரு சிறு பெட்டிக்குள் வயது. அதற்கும் கீழே, அகலமாக, நிறத்தோடு, இறக்கிக்கொள்ளும் பொத்தான். பெட்டிக்குள் இருக்கும் இலக்கத்தைத் தொட்டால் காரணம் விரியும், ஆனால் தொடலாம் என்று அங்கு எவரும் சொல்வதில்லை. ஃபோன் ஆங்கிலத்தில் இருந்தால் விளக்கமும் ஆங்கிலத்தில்தான் வரும். இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை இன்னொன்று. கடையில் ஃபோன் வாங்கிய நாளில், பெரும்பாலும் கடைக்காரப் பையனின் கையாலேயே, தாயின் பெயரில் ஒரு ஜீமெயில் கணக்குத் திறக்கப்பட்டிருக்கும். கூகுளைப் பொறுத்தவரை அந்த ஃபோனை வைத்திருப்பவர் முப்பத்தெட்டு வயதுப் பெண். பதினொரு வயது மகன் எதை இறக்கினாலும் தடை எழாது, எழவேண்டிய காரணமும் அந்த இயந்திரத்துக்கு இல்லை.

தன் பெயரிலேயே கணக்குத் திறக்கும் பிள்ளைக்கு முதலில் வரும் கேள்வி பிறந்த வருடம். விரலால் சக்கரத்தைச் சுழற்றி 1990இல் நிறுத்துவது எத்தனை இலகு என்று அவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். வயதெல்லை இங்குள்ள சிறுவரிடம் ஏற்படுத்திய முதல் நேரடி விளைவு, கூச்சமில்லாமல் பொய்ப் பிறந்ததிகதி கொடுக்கப் பழக்கியதுதான் என்று துணிந்து சொல்லலாம். அந்தப் பொய் அன்றோடு முடிவதில்லை. கணக்கு வளர்ந்தவருடையது என்றே பதிவாகிறது. வளர்ந்தவருக்கான விளம்பரங்கள் வருகின்றன, வளர்ந்த அந்நியர்கள் தாராளமாகப் பேச வருகிறார்கள். பிரித்தானியாவில் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கும் எட்டு முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பதினெட்டைத் தாண்டியவராகப் பதிவாகியிருப்பதை அந்நாட்டின் தொடர்பாடல் ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம் 2022இல் கண்டது.

தடையே தீர்வு என்பவர்களுக்கு உலகம் போதுமான பாடங்களைத் தந்திருக்கிறது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி விளையாடிய இளைஞர்களைப் பொலிஸார் கைது செய்தனர். 2020 செப்டெம்பரில் இந்திய மத்திய அரசு பப்ஜியை முற்றாகத் தடுத்தது, 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் தடுத்தது. பப்ஜி 2021இல் வேறு பெயரில் திரும்பி வந்தது. தென்கொரியா பதினாறு வயதுக்குட்பட்டோரை நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டிலிருந்து விலக்கும் சட்டத்தை 2011இல் கொண்டுவந்தது, பெற்றோரின் அடையாள இலக்கத்தில் பிள்ளைகள் நுழைந்தார்கள், பத்து வருடங்களின் பின் அரசே அதைக் கைவிட்டது. சீனா 2019இல் விதித்த நேரக் கட்டுப்பாடு மிகையாக விளையாடுவோரைக் குறைத்ததற்குத் தடயம் இல்லை என்று 2023இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ சஞ்சிகை வெளியிட்ட ஆய்வு சொன்னது.

தூர தேசம் வரை போகவும் தேவையில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அரசு ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு வாரமளவில் நிறுத்தியது. அந்த வாரம்தான் இப்பகுதி இளைஞர் பலர், தடையைச் சுற்றிப்போக உதவும் வீ.பீ.என் என்ற சொல்லையே முதன்முதலாகக் கேட்டார்கள். தடுத்ததற்கான காரணம் பாரதூரமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வித்தை மறக்கப்படவில்லை.

இரத்தத்தைப் பற்றிய கவலையில் பணம் பற்றிய கவலை பின்தள்ளப்பட்டதும் வருந்தத்தக்கது. ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஆயிரம் பிரித்தானியப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து, முத்திரைகளின்படி வன்முறையானவை என்று கருதப்படும் விளையாட்டுகளுக்கும் பிள்ளைகளின் ஆக்ரோஷ நடத்தைக்கும் தொடர்பைக் காணவில்லை என்றார்கள். மறுபுறம் ‘பெகி’ முறையின் விசித்திரம் ஒன்றைக் கேளுங்கள். காசு கொடுத்து, உள்ளே யார் என்று தெரியாமல் வீரர்களின் பொதிகளை உடைக்க வைக்கும் ‘ஈ.ஏ ஸ்போர்ட்ஸ் எஃப்.சி 24’ உதைபந்தாட்ட விளையாட்டுக்கு வயது 3. சீட்டுக்கட்டின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பந்தயமே இல்லாத ‘பலாட்ரோ’வுக்கு வயது 18. அதைச் செய்தவர் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார், மேன்முறையீட்டின் பின் 2025 பெப்ரவரியில் அது 12 ஆகக் குறைக்கப்பட்டது. மூன்று வயது முத்திரையை நம்பிய தகப்பனுக்கு யார் பதில் சொல்வது? அவுஸ்திரேலியா 2024 செப்டெம்பரிலிருந்து அத்தகைய காசுப் பொதிகள் உள்ள புதிய விளையாட்டுகளுக்குக் குறைந்தபட்ச வகுப்பை உயர்த்தியது நியாயமான திருத்தம்.

குண்டசாலையில் இந்தப் பணம் ரீலோடாகவே போகிறது. சந்திக் கொமியூனிகேஷனில் பத்து வயதுப் பிள்ளை ரீலோட் கேட்டால், எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. ஃப்ரீ ஃபயரின் ‘டயமண்ட்’ வாங்கும் காசு அப்படியே சிறுகச் சிறுகக் கரைகிறது. தமிழ்நாடு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளிலிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்டோரை விலக்கி, நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை அவற்றை மூடவும் 2025இல் விதிகள் செய்தது, சென்னை உயர் நீதிமன்றமும் அவ்வருடம் ஜூனில் அவற்றை ஏற்றது. சூதாட்டத்துக்குப் பொருந்தும் அந்தக் கடுமை டயமண்ட் வாங்கும் சிறுவனுக்கு அப்படியே பொருந்தாது. அவனுக்குத் தேவை, ஃபோன் கணக்கிலிருந்து விளையாட்டுக்குக் காசு போவதைத் தாய் தகப்பன் ஒரு குறுஞ்செய்தியில் பூட்டிவைக்கும் வசதி. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிக் கொடுக்கும் கடமை தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இருக்கிறது.

குண்டசாலை விளையாட்டை வெறுக்கும் ஊரல்ல. இங்கே மாளிகை கட்டி வாழ்ந்த நரேந்திரசிங்க மன்னனை மக்கள் விளையாட்டரசன் என்றே அழைத்தார்கள். இன்று பல்லேகலையில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. பிள்ளைகள் ஃபோனில் நண்பர்களோடு அணி சேர்ந்து விளையாடுவதும் அவர்களுக்கு மெய்யான மகிழ்ச்சிதான், அதைக் குற்றமாக்குவது அநியாயம். கேட்கப்படுவது சில சின்ன வேலைகள். ஃபோன் விற்கும் கடையில், கணக்குத் திறக்கும் அதே ஐந்து நிமிடத்தில், பிளே ஸ்டோரின் பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்து தாய்க்கு மட்டும் தெரிந்த இரகசிய இலக்கம் ஒன்றைப் போட்டுக் கொடுக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் அரைமணி நேரம் எடுத்து, 12 என்றால் என்ன, 16 என்றால் என்ன என்று பெற்றோரின் சொந்த ஃபோனிலேயே காட்டலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அதை இரு மொழிகளிலும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாக அச்சிடலாம்.

அந்தத் துண்டுப்பிரசுரத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி ஒன்றுண்டு. இணையத்தில் பிறரோடு நடக்கும் பேச்சு தரப்படுத்தலுக்கு உட்பட்டதல்ல என்று ஈ.எஸ்.ஆர்.பி தானே அறிவித்திருக்கிறது. 12 என்ற முத்திரை விளையாட்டின் காட்சிகளைப் பற்றியது. ஹெட்ஃபோனில் எதிர்முனையில் பேசும் முப்பது வயது அந்நியரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அப்படிப் பேசுபவர் படம் கேட்டாலோ, நேரில் வரச் சொன்னாலோ, அழைக்க வேண்டியது அதே அதிகார சபையின் 1929 என்ற இலக்கம்.