பழகிப்போன கழுத்து

"தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்களுக்குச் சுமை பழகிப்போச்சு. நாம தூக்கினாத்தான் இடுப்பு போகும்." இலங்கை மலையகத்தில் இதை ராகலை பஸ்ஸிலும் கேட்கலாம், உடப்புசல்லாவைக் கடைவீதியிலும் கேட்கலாம். ஏன், லயத்து வாசலிலேயே கேட்கலாம். கூடவே ஒரு பாராட்டும் வரும்: சின்ன வயதிலிருந்து கூடை சுமந்த முதுகாம், உறுதியாம். சுற்றுலாப் படங்களில் சிரிக்கிற கொழுந்துக்காரியும் இதைத்தான் சொல்கிறாள். இந்தப் பாராட்டைப் போல எனக்கு எரிச்சல் தருவது வேறில்லை.

கூடைக்கயிறு இருப்பது உச்சந்தலையில். காலையில் வெறுங்கூடை, நிறுவைக்குப் போகும்போது பத்துக் கிலோவையும் தாண்டியிருக்கும். மழைநாளில் ஈரம் வேறு. அந்த ஈரத்தைத் தராசில் கழிப்பார்கள், கழுத்தில் யாரும் கழிப்பதில்லை. முதுகில் பாரம் ஏற ஏற, விழாமலிருக்க இடுப்பிலிருந்து முன்னுக்குச் சாய வேண்டும். கயிறோ தலையைப் பின்னுக்கு இழுக்கும். நாடியைத் தாழ்த்திக் கழுத்தை இறுக்கித்தான் அதைத் தாங்க முடியும். அதே நேரத்தில் இரண்டு கையும் செடிமேல் நீண்டு கொழுந்து கிள்ளுகின்றன. கொழும்பில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்குக்கூட அதை இறக்கினால் கை ஓயும்; இவளுக்குச் சுமையும் வேலையும் ஒன்றாகவே நடக்கின்றன. நிரைக்குள் எட்டு குறுகும், ஈரக் கானைத் தாண்டும்போது பாதம் பக்கவாட்டில் திரும்பும், இறக்கத்தில் முழங்கால்தான் பிரேக்.

படித்தவர்கள் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைப்பார்கள். 1986இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று உண்டு: கென்யாவின் லுவோ, கிகுயூ பெண்கள் தங்கள் எடையில் ஐந்திலொரு பங்கு வரை, கூடுதல் சக்தி செலவாகாமல் சுமந்தார்கள். ஆனால் அது சமதள நடைப்பொறியில். அளந்தது மூச்சை, எலும்பை அல்ல. வாரில் சுமக்கும் கிகுயூ பெண்களின் நெற்றியில் பள்ளமே விழுந்துவிடும். 2010இல் தென்னாபிரிக்காவின் கோசா பெண்களிடம் பார்த்தபோது அந்த இலவசச் சுமையும் காணவில்லை. தலைச்சுமை பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடும் தெரியவில்லை. நடையில் ஒரு நெளிவு பழகலாம். கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு பழகுமா?

இன்னொரு மோசடி இருக்கிறது. நாம் மலையில் பார்ப்பது இன்னும் சுமக்க முடிகிறவர்களை மட்டும். முடியாமல் போனவர்கள் புல்வெட்டுக்குப் போயிருப்பார்கள், அல்லது லயத்தில் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். மிஞ்சியவர்களை எண்ணிவிட்டு "எல்லாருக்கும் பழகிவிட்டது" என்கிறோம்.

இந்த மலைகளில் பாரத்தைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1904இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை இரண்டரை அடி அகலத் தண்டவாளம் போட்டார்கள். பெயரே உடப்புசல்லாவை ரயில்பாதை. தேயிலைப் பெட்டி ரயிலேறியது. 1940களில் அதை மூடிய பிறகு லொறி ஏறியது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தாவது வேண்டும். அந்தக் கனத்த பங்கு மட்டும் செடியிலிருந்து நிறுவை வரை இன்னும் பெண்ணின் உடம்பில்தான்.

தோளில் இரண்டு பட்டி வைத்த பை கொடுத்தால் தீராதா என்பார்கள். கொடுக்கட்டும். ஆனால் தலைக்கயிற்றுக்கு ஒரு வசதி உண்டு: வழுக்கினால் ஒரே உலுக்கில் கூடையைக் கழற்றிவிடலாம், தோள்பட்டி ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதற்காகப் பெண்கள் தயங்கினால் "பழசை விடமாட்டார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். தராசை நிரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நிறுவையைக் கூட்டினால் கூடை நிறையுமுன்னே இறக்கலாம். அதற்குத் தராசும் ஓர் ஆளும் போதும். ஆனால் 18, 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கு இருக்கும்வரை, இறக்கிவைத்து நிமிர்கிற பத்து நிமிடத்தையும் அவள் தன் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அந்த நிமிடங்களைத் தோட்டம் தன் செலவில் எழுதட்டும்.