ஈரலுக்கும் வேண்டும் அந்த ஊசி

தழும்பேறிய கல்லீரல் கொழுப்பு நோய்க்குச் செமாகுளூடைட் ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஆகஸ்டில் அனுமதித்தது. நல்ல செய்திதான். ஆனால், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. இந்நோய்க்கான பெரிய மருந்து ஆய்வுகளில் பெரும்பாலானவை அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டன. அவர்களுக்கென்றே உள்ள ஒரு ஹார்மோன் வழி மருந்தோ 15 ஆண்டுகளாகத் தவறான சீட்டு ஒட்டப்பட்டுக் கிடக்கிறது.

அதன் பெயர் டெசமொரெலின். மாண்ட்ரியல் நகரின் தெராடெக்னாலஜிஸ் நிறுவனம் உருவாக்கியது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பைக் குறைக்க மட்டும் 2010 நவம்பரில் அனுமதி கிடைத்தது. இது வளர்ச்சி ஹார்மோன் அல்ல. பிட்யூட்டரி சுரப்பியை உசுப்பி, உடம்பின் சொந்த ஹார்மோனைச் சுரக்கவைப்பது. வயிறு கொழுத்த எச்.ஐ.வி. நோயாளிகள் பலரிடம் குன்றியிருப்பது அந்தச் சுரப்புதான். தூளில் தண்ணீர் விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கரைத்து, தினமும் வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுக்கொள்கிறார்கள்.

35-க்கு 4. இந்த இரண்டு எண்களை எஃப்.டி.ஏ. வாசலில் எழுதி மாட்ட வேண்டும். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்களோடு சேர்ந்து 61 பேரிடம் 12 மாதம் நடத்திய ஆய்வு, 2019-ல் லான்செட் எச்.ஐ.வி. இதழில் வந்தது. மருந்து பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கு ஈரல் கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 4 சதவீதத்தினருக்கே. ஈரல் தழும்பு முற்றியதோ மருந்து பெற்றவர்களில் 10.5 சதவீதம், பெறாதவர்களில் 37.5 சதவீதம். ஈரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் இட்டுச்செல்வது அந்தத் தழும்புதான்.

61 பேர் போதாது என்கிறார்கள். மூன்றாம் கட்ட ஆய்வுக்கு நிறுவனம் திட்டமிட்டது; கைகொடுக்கக் கூட்டாளி கிடைக்காமல் நின்றுபோனது. ஆய்வுக்குக் காசு தராமல் ஆள் கணக்கு கேட்பது அநியாயம். எடையைக் குறைத்தால் போதுமே என்பவர்கள், எடை குறைக்கும் செமாகுளூடைட்டை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வைப் படிக்கட்டும்: ஈரல் கொழுப்பு குறைந்தது, கூடவே தசையும் கரைந்தது. முதுமையை நெருங்கும் இந்த நோயாளிகளிடம் இழக்கத் தசை ஏது? டெசமொரெலினை நிறுத்தினால் வயிற்றுக் கொழுப்பு திரும்பிவிடுகிறதாம். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாலும்தான் அழுத்தம் ஏறும்! சர்க்கரை கூடலாம், புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்தைத் தரக் கூடாது. இதையெல்லாம் கவனிக்கத்தானே மருத்துவர் இருக்கிறார்.

2025 மார்ச்சில் இதே மருந்தின் புதுவடிவத்துக்கு எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது; இனி வாரம் ஒருமுறை கரைத்துவைத்தால் போதும். சீட்டில் ஈரலைப் பற்றி ஒரு சொல் சேரவில்லை. சேர்க்க வேண்டும், இப்போதே. காப்பீட்டு நிறுவனங்கள் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். பெரிய ஆய்வை அரசுப் பணத்தில் கூடவே நடத்திக்கொள்ளட்டும்; அது முடியும்வரை நோயாளியைக் காக்கவைக்க எவருக்கும் உரிமையில்லை.