பிரம்பு கேட்கிறவங்களுக்கு ஒரு டாக்டரின் பதில்

1/ "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்!" களியக்காவிளைல இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது பெருமையா சொல்ற வசனம் இது. ஒரு மாணவன் வாத்தியாரை எதிர்த்துப் பேசுற வீடியோ வந்தா போதும், "பிரம்பைப் பிடுங்கினதால வந்த வினை"ன்னு கமென்ட் குவியுது. கொஞ்சம் நீளமான த்ரெட். முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

2/ காய்ச்சலோட வர்றவரை "ஏன்யா காய்ச்சலை இழுத்துட்டு வந்தே"ன்னு நாலு சாத்து சாத்தினா என்னை டாக்டர்னு சொல்வீங்களா? காய்ச்சல் வெறும் அறிகுறி. உள்ள என்ன நோய்னு தேடணும். வகுப்புல அடங்காத பிள்ளையும் அப்படித்தான்.

3/ கூப்பிட்டா திரும்பாதவனுக்குச் சீழ் வடிஞ்சு காது மந்தமாகியிருக்கலாம். போர்டைப் பார்க்காம பக்கத்துல பேசறவனுக்குக் கிட்டப்பார்வை இருக்கலாம். பாடத்துக்கு நடுவுல சில நொடி வெறிச்சுப் பார்க்கிறது ஒரு வகை வலிப்பாவும் இருக்கலாம். ஒரு இடத்துல உட்கார முடியாத ஏடிஹெச்டி, உலக அளவில் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு இருக்கு. இதுல எதுக்கு மருந்து பிரம்பு?

4/ வீட்டையும் பாருங்க. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரையில அப்பா திரும்பி வராத வீடுகள் எத்தனை! அன்னைக்கு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்த பிள்ளை 2025-ல் ஒன்பதாம் வகுப்பு. மலையோரத்துல விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போற பெற்றோர். கல்ஃப்ல அப்பா. சில வீட்டுல தினமும் குடி. இது சாக்கு இல்ல. நோயாளியோட பூர்வ கதையைக் கேட்காம நாங்க மருந்து எழுதுறதில்ல, அவ்வளவுதான்.

5/ "அப்போ சும்மா விட்டுரணுமா?" இல்லவே இல்ல. இரண்டாவது வாய்ப்புன்னா கணக்கோட கொடுக்கிறது. உடைச்சதைச் சரிசெய்ய அவனும் உழைக்கணும். அடிபட்டவன்கிட்ட மன்னிப்பு கேட்கணும். வாராவாரம் ஒரு ஆசிரியரைப் பார்த்துப் பேசணும். மறுபடி தப்பு பண்ணுவான், பண்ணத்தான் செய்வான். காசநோய்க்காரர் நடுவுல மாத்திரையை விட்டா துரத்தியா விடுறோம்? தேடிப் போய்த் திரும்ப ஆரம்பிக்கிறோம்.

6/ "கத்தி எடுத்தாலுமா?" 2012-ல் சென்னையில் ஒரு ஆசிரியையை வகுப்பறையிலேயே மாணவன் கொன்னான். 2023-ல் நாங்குநேரியில் சாதி வெறி வீடு புகுந்து வெட்டுச்சு. அங்க முதல்ல பாதிக்கப்பட்டவங்க பாதுகாப்பு, அப்புறம் சட்டம். அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா பிரம்பு சாதியை ஒழிக்குமா? நாங்குநேரிக்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை பிரம்பு கேட்கல, பள்ளி நல அலுவலர்களைக் கேட்டுச்சு.

7/ அடுத்தது டிசி. நூறு சதவீத ரிசல்ட்டுக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க". கல்வி உரிமைச் சட்டம் 2009: எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது (பிரிவு 16), அடிக்கவோ மனசை வதைக்கவோ கூடாது (பிரிவு 17). ஒன்பதாம் வகுப்புல அந்தப் பாதுகாப்பு இல்லைங்கிறதைத்தான் இவங்க பயன்படுத்திக்கிறாங்க. அமெரிக்காவில் "சின்னத் தப்புக்கும் வெளியே போ" கொள்கையை அந்நாட்டு உளவியல் சங்கம் ஆராய்ஞ்சு, அதனால பள்ளி பாதுகாப்பாகலைன்னு 2008-லேயே சொல்லிருச்சு. டிசிங்கிறது நோயாளியை ரோட்டுக்கு ரெஃபர் பண்றது.

8/ ஆசிரியர்களே, உங்க கோபம் புரியுது. வகுப்பு நிறையப் பிள்ளைகள், எமிஸ் பதிவு, தேர்தல் வேலை, இதுக்கு நடுவுல பொறுமையும் வேணும்னா எங்க போறது? அதனாலதான் சொல்றேன்: பிரம்பைத் திரும்பக் கேட்காதீங்க, பள்ளிக்கு ஒரு ஆலோசகரைக் கேளுங்க. உங்களோட சேர்ந்து கேட்க நாங்க தயார்.

9/ பெற்றோர்களே, கண், காது, தூக்கம் மூணையும் முதல்ல பரிசோதிங்க. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கு, வெட்கப்படாம வாங்க. உங்க பள்ளி மேலாண்மைக் குழுவோட அடுத்த கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த வருசம் எத்தனை பிள்ளைக்கு டிசி கொடுத்தீங்க, அதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"