சாரல் காலத்துச் சுவர்

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் பேச்சு எழுந்ததும், "நீலம் அடித்தால் மனசு அமைதியாகும், சிவப்பு கோபத்தைக் கிளப்பும்" என்று யாராவது சொல்வார்கள். நிறம் மனதைத் தொடும் என்பது உண்மை. ஆனால் இன்ன நிறத்துக்கு இன்ன பலன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1979-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கடற்படைச் சிறையறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். கைதிகளின் மூர்க்கம் தணிந்ததாகப் பேசப்பட்டது. பிற்பாடு சுவிட்சர்லாந்துச் சிறையில் முறைப்படி சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் வெளிச்சத்தை. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். அடர்நீலமும் கரும்பழுப்பும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஜூன் முதல் சாரல் காலம். நாள் முழுக்க மேகம் மூடிக் கிடக்கும்போது அடர்நிற அறையில் மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருக்கும். பகல் வெளிச்சம் குறைந்தால் உறக்கமும் உற்சாகமும் தடுமாறும். அதனால் வெளிச்சம் குறைந்த அறைக்கு வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் நல்லது. சித்திரை வெயில் நேராக விழும் அறையில் பளீர் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். அங்கே இளம்பச்சை இதமாக இருக்கும்.

அடுத்தது, அறையில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பது. உதாரணத்துக்கு, குற்றாலம் சித்திரசபையில் நடராசரே ஓவியமாக நிற்கிறார். சுற்றுச் சுவரெங்கும் புராணக் காட்சிகள். கண் ஓரிடத்தில் நிலைக்காமல் அடுத்த உருவத்துக்குத் தாவுகிறது. பார்த்துப் பரவசப்பட அது உகந்தது. தினமும் உறங்கி எழும் படுக்கையறைக்கு அவ்வளவு நிறம் தாங்காது. அடர்நிறம் பிடித்தவர்கள் ஒரு சுவரோடு, அல்லது திரைச்சீலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஈரத்தையும் மறக்கக் கூடாது. சாரல் காலத்தில் பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளியாகப் பூஞ்சை படரும். அதன் வாடையும் அதனால் வரும் மூச்சுத் தொல்லையும் இருக்கும் வீட்டில் எந்த நிறமும் மனதைத் தேற்றாது. ஒழுக்கை அடைத்து, சுவரை நன்றாகக் காயவிட்ட பிறகே பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டும்.

கடைக்காரர் காட்டும் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். சிறு கட்டத்தில் மென்மையாகத் தெரியும் நிறம் முழுச் சுவரில் அழுத்தமாகிவிடும். இரண்டடிச் சதுரத்துக்குப் பூசி, காலையிலும் மத்தியானத்திலும் இரவு டியூப்லைட்டிலும் பாருங்கள். பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால், கதவு நிலையும் சுவிட்சும் சுவரிலிருந்து தனித்துத் தெரியட்டும். கடைசியில், அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் யாரோ அவரைக் கேட்டு முடிவெடுங்கள்.